எழுபத்துநாலு

புதுவயல் அரிசி ஆலைக் கிடங்கில்
மூட்டை அடுக்கின் மேல் வேட்டியைக் கட்டிப்
பதினோரு நிமிடம் ஓட்டினோம்.

"வசனம் எங்கடா? மோட்டார்தான் பேசுது"
என்றான் நிஜார்.
"அந்த நேரத்துக்கு அறந்தாங்கி பஸ் ஏது?"
இது லோடுமேன் சோலை.
உமையாள் தன் அழுகையைப் பார்த்துத்
தானே சிரித்துவிட்டாள்.

எடைபோடும் வைரவன் மட்டும்
திரும்பப் போடச் சொன்னார்.
"நிறுத்து. அந்தப் பிள்ளை அழுகையில
பின்னாடி சிவப்பு நம்பர்
எழுபத்துநாலுங்குது.
எந்த லோடு அது?"

நான்தான்.
படத்துக்கு வெளியே
தராசுத் தட்டில் ஏறி,
மைக் கட்டிய தொரட்டிக் கம்போடு
மூச்சைப் பிடித்து நின்றேன்.
இறங்க மறந்த எடை.

"அதை வெட்டிரு" என்றார்கள்
எல்லாரும் ஒரே குரலில்.

வைரவன் வெற்றிலையை மடித்தபடி கேட்டார்:
"கம்பைக் கழிச்சா எவ்வளவு?"