பதிவில் ஏற்றவும்

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்
கைதானவரை நீதிபதி முன் நிறுத்த வேண்டும்.
இருபத்து மூன்றாவது மணியில் நிறுத்தினார்கள்
வாண்டர்லெய்யை.
ஒரு காலில் நீல ரப்பர் செருப்பு,
இன்னொன்று வெறுங்கால்.

ரெசிஃபேயில் பாதிப்பேர் இப்படித்தான் வருகிறார்கள்.
ஓடும்போது கழன்றது ஒன்று,
வண்டியில் ஏற்றும்போது நழுவியது ஒன்று.
அதனால் என் பையில்
குற்றவியல் சட்டத் தொகுப்புக்குக் கீழே
எப்போதும் ஒரு ஜோடி, நாற்பத்தொன்றாம் அளவு.
எல்லாருக்கும் பொருந்துவதில்லை.
மேலே இருக்கும் தொகுப்பும் அப்படித்தான்.

அவரோடு பேச எனக்கு ஆறு நிமிடம்.
ஏழு மீட்டர் செம்புக் கம்பி,
இரண்டு கிலோ முந்நூறு கிராம்.
அதைத் தராசில் வைத்தவர்களுக்கு
அவர் விலாவைப் பார்க்க நேரமில்லை.
"நீங்கள் பேசாமல் இருக்கலாம், அது உங்கள் உரிமை."
"அது ஒன்றுதான் டாக்டர், எனக்கு
எப்போதும் தாராளமாகக் கிடைத்தது."
(வக்கீலையும் இங்கே டாக்டர் என்பார்கள்.
நோய்தான் வேறு.)

உள்ளே ஏ.சி. கூதலாக வீசியது.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் நீதிபதி கேட்டார்:
"யாராவது அடித்தார்களா?"
முதுகுக்குப் பின்னால்
கைவிலங்குச் சாவியோடு, பிடித்து வந்தவர்.
"இல்லை, ஐயா."

காவலர் வெளியே போகட்டும் என்றேன்.
போனார்.
கதவோ கண்ணாடிக் கதவு.
"யாராவது அடித்தார்களா?"
"இல்லை."

எழுத்தர் ஜான்டிரா அந்த இல்லையை
அடித்து முடித்து அடுத்த வரிக்கு நகருமுன் சொன்னேன்:
பதிவில் ஏற்றவும்,
இரண்டு முறையும் அவர்
கதவைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"பார்வை சாட்சியம் ஆகாது, டாக்டர்."
ஆகாது. ஏற்றவும்.
மூச்சு விடும்போதெல்லாம் இடப்பக்கம் சாய்கிறார். ஏற்றவும்.
உட்காரச் சொன்னீர்கள், இன்னும் நின்றுகொண்டே இருக்கிறார்,
ஏற்றவும்.

வெளியே நடைபாதையில் இன்னும் பதினொரு பேர்.
அவர்களுடைய நிமிடங்களைத்தான்
நான் தின்றுகொண்டிருந்தேன்,
தெரிந்தேதான்.

ஜான்டிரா நீதிபதியைப் பார்த்தாள்.
நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.
பிறகு, கோழி கொத்துவதுபோல
இரண்டே விரலில்
அந்த மூன்று வரிகள்.

மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு.
விடுதலை, நிபந்தனையோடு:
மாதம் ஒரு கையெழுத்து,
இரவு பத்துக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது.
கப்பிபரிபே ஆற்றுப் பாலத்தடியில் படுப்பவர்
எந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது?
நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் விலாசமில்லாதவர் என்று
உள்ளேயே வைத்திருப்பார்கள்.
அதுவும் வக்கீல் வேலைதான்,
வாயை மூடிக்கொள்வது.

படிக்கட்டில் செருப்பைக் கொடுத்தேன்.
இரண்டு விரற்கடை பெரிது.
போட்டுக்கொண்டார்.
நீல ஒற்றையை மட்டும் கீழே போடாமல்
அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இதன் ஜோடி ஸ்டேஷனில் இருக்கிறது, டாக்டர்."

வாங்கித் தரட்டுமா என்றேன்.
தலையை ஆட்டினார், வேண்டாமென்று.
பதிவில் ஏற்றச் சொன்னார்.