எந்தப் பூட்டு

ஈரி நகரத்தில் பனி கொட்டும்போது
ஏரி எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது
என்று யாருக்கும் தெரியாது.
அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை
லோர்னா பெட்ராக் என் கடைக்குள் வந்தாள்,
பேருந்து ஓட்டும் சீருடையில்,
பூட்ஸ் பனியைக் கால்மிதியில் உதறாமல்.

மாடியும் கீழுமாய் ஒரு வீடு வாங்கிவிட்டாளாம்.
இரண்டு சமையலறை, ஒரே பாய்லர்.
"பூட்டு மாத்தணும்."
எந்தப் பூட்டு?
"அதுதான் தெரியலை."

இருபத்தாறு வருடமாகப் பூட்டு விற்கிறேன்.
வீட்டை வைத்து ஒருவர் என்ன செய்யப்போகிறார் என்பது
வங்கிக்குத் தெரியும் முன் எனக்குத் தெரிந்துவிடும்.

வருட ஒப்பந்தம் என்றால் பித்தளைப் பூட்டு, சாவி இரண்டு.
வாடகை மெதுவாக வரும்; வரும்.
கல்லூரிப் பிள்ளைகளுக்கு அறை அறையாக விட்டால்
ஐந்து கதவுக்கு ஐந்து பூட்டு,
குளிர்பதனப் பெட்டிக்கு ஆறாவது கேட்பார்கள்.
வருமானம் ஐந்தாகப் பெருகும்,
சண்டை பத்தாக.
(ஐந்து பேருக்குள் எத்தனை ஜோடி, எண்ணிப் பாருங்கள்.)
பூசி மினுக்கி விற்பவர்களுக்கு
இருப்பதிலேயே மலிவானது போதும்.
அதைத் திறக்கப்போவது அவர்கள் இல்லை.
இரவுக் கணக்கில் விருந்தாளிக்கு விடுவதானால்
சாவியே கிடையாது. எண்பூட்டு.
ஆள் மாறும்போதெல்லாம் புது எண், புது விரிப்பு,
ஒரு நட்சத்திரம் குறைந்தால்
ஓர் இரவுத் தூக்கம் போச்சு.

மின்கட்டண ரசீதைத் திருப்பிப் போட்டு
என் பென்சிலாலேயே கணக்குப் போட்டாள்.
ஜூலையில் கரைக்கு வரும் கூட்டம், ஆகஸ்டில் வரும் கூட்டம்,
பெருக்கினாள், பெருக்கினாள்.
பெருக்கல் பார்க்க எப்போதும் அழகு.
கழித்தலுக்கு அந்த ரசீதில் இடம் இல்லை.

"கீழே ஒருத்தர் இருக்கார், பதினோரு வருஷமா.
பழைய ஓனர் வாடகையை ஏத்தவே இல்லை.
அவர் காலி பண்ணினதும் இன்னொண்ணு வாங்கிக்கறேன்.
எடுத்து வை."
எண்பூட்டு ஒன்று கொடுத்தேன்.
இரண்டாவதின் மேல் அவள் பெயரை எழுதி வைத்தேன்.

பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
நள்ளிரவில் மாடிச் சுவருக்குள் குழாய் வெடித்தது.
பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்திருந்த தம்பதி
கட்டில்மேல் ஏறி நின்று
ஒரு நட்சத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.
லோர்னா கடைசி வண்டியில், விமான நிலையத் தடத்தில்.
கீழ்வீட்டு விர்ஜில் ஆஸ்ட்ராண்டரின்
சூப் கிண்ணத்தில் கூரை சொட்டியது.
கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு
நிலவறைக்கு இறங்கினார்.
மூன்று வால்வில் எது மாடிக்கு என்று அவருக்குத் தெரியும்.
அதற்குக் கைப்பிடி கிடையாது என்று தெரியும்.
பக்கத்து ஆணியில்
பதினோரு வருடமாகத் தொங்குகிறது அவர் குறடு.

மார்ச்சில் லோர்னா வந்தாள், எண்பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.
கால்மிதியில் பூட்ஸைத் தேய்த்தாள்.
"பித்தளை. ரெண்டு சாவி. மாடிக்கு."
எடுத்து வைத்த அந்த இன்னொன்று?
"வேண்டாம்.
ஒரு குறடோட விலையை நான் கணக்குல சேர்க்கலை."
நல்லவளாகிவிட்டாள் என்று நினைக்காதீர்கள்.
ஏப்ரலில் ஆஸ்ட்ராண்டருக்கு நாற்பது டாலர் ஏற்றினாள்.
அவரும் என் கடைக்கு வந்து
அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு
ஒரு சாவி வளையம் வாங்கிக்கொண்டு போனார்,
மாடிச் சாவி ஒன்றை அவரிடமே கொடுத்து வைத்திருக்கிறாளாம்.

விற்றதை நான் திரும்ப வாங்குவதில்லை.
வாங்கினேன், பாதி விலைக்கு.
இப்போது அது என் கடையின் பின்கதவில்.
தினம் காலையில் கையுறையைக் கழற்றி
பனியில் விரல் விறைக்க நான்கு எண் அழுத்துகிறேன்.
இதுவரை இரண்டு தடவை மறந்துபோய்
முன்பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறேன்,
என் கடைக்கு நானே
ஓர் இரவு விருந்தாளிபோல.