அனாமத்துக் கணக்கு

மூன்று வருடத் தணிக்கைக் கட்டணத்துக்குப் பதிலாக
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலைக்காரர்
ஒரு காரைக் கொடுத்தார்.
வுல்ஸ்லி. ஓடாது.
"துரை வச்சிருந்த வண்டிங்க மேடம்,
லண்டன்ல இருந்து நேரா ஏற்காடு."
அவர் வரவு செலவு எழுதும் அழகு எனக்குத் தெரியும்.
அதனால் இதையும் நம்பவில்லை.

ஸ்வர்ணபுரியில், என் அலுவலகத்துக்குப் பின்னால்,
கவுஸ் பாய் கதவைப் பிரித்தார்.
தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே
தூசி பாறைபோல் அடுக்கடுக்காய் இறுகியிருந்தது.
மேலே ஜவ்வரிசி மாவு, புளித்த வாடையோடு.
அதன் கீழே வெள்ளை. சுண்ணாம்பு என்றேன்.
நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து
"சுண்ணாம்பு சுடும். இது மேக்னசைட்" என்றார்.
இருக்கைப் பஞ்சுக்குள் சுரங்கக் கூலிச் சீட்டு ஒன்று
அதற்குச் சாட்சி: அறுபத்தெட்டு, மார்ச்.
இன்னும் கீழே
ஐந்தாறு காப்பிக் கொட்டை, ஒரு மிளகு.
துரை இல்லாவிட்டாலும் ஏற்காடு உண்மை.

அடித்தட்டைச் சுரண்டியவர்
வெகுநேரம் பேசவில்லை.
"நம்ம ஊர்த் துரு இல்லம்மா இது.
கப்பல்ல வந்தப்போ பிடிச்சதும் இல்ல.
கடல் ஓரமாவே குடியிருந்த துரு."

எஞ்சின் எண் ஒன்று, சேசிஸ் எண் வேறு,
பதிவுப் புத்தகத்தில் இரண்டுமே இல்லை.
இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட் வந்தால்
மேசைக்கு வருமுன் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இங்கிலாந்துக்கு எழுதினேன்.
பழைய ஏடுகளைக் காக்கும் ஏதோ ஒரு சங்கம்
ஐந்து மாதம் கழித்து ஒற்றை வரி அனுப்பியது:
முப்பத்தேழு அக்டோபர். சாம்பல் நிறம்.
கொழும்புத் துறைமுகம். வாங்கியவர் பெயர் குறிக்கப்படவில்லை.

இப்போது அது கத்தரிப்பூ நிறம்.

ஏற்காட்டு எஸ்டேட் பேரேட்டில், பூச்சி அரித்த ஓரத்தில்,
ஐம்பத்தொன்றில் வருகிறது:
"பழைய கார் 1. ரூ. 1,900."
நடுவில் பதினான்கு வருடம்.
போர் வந்து போயிருக்கிறது. பெட்ரோலுக்கு ரேஷன்.
இரு கரையிலும் கொடி மாறியிருக்கிறது.
யார் ஓட்டினார், யார் விற்றார்,
எந்த இரவில் எந்தக் கரையில் இறங்கியது,
சுங்கம் கட்டினார்களா
(அது என் தொழில் புத்தி).

டாஷ்போர்டில் ஒரு பித்தான்.
அதன் கீழே ஆணியால் கீறிய வட்டம் வட்டமான ஏதோ.
பூ என்றார் கவுஸ் பாய்.
ஜிலேபி என்றான் அவர் பையன்.
பால் பாக்கெட்டோடு போன எதிர்வீட்டு சிவபாக்கியம்,
வங்கிக் காசாளராய் இருந்து ஓய்வு பெற்றவர்,
நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"சிங்களம்."

பதுளையில் பிறந்தவராம்.
எட்டு வயதில் கப்பலேறினவராம்.
பதினைந்து வருடமாக எதிர்வீடு, எனக்குத் தெரியாது.
விரலால் தடவி, உதட்டை அசைத்து,
"'இதை அழுத்தாதே'ன்னு இருக்கு.
கடைசிச் சொல்லு பாதி அழிஞ்சிருக்கு.
அது இல்லேன்னா 'இதை அழுத்து'."

கேட்காமலே முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.
பால் பாக்கெட் மடியில் வியர்த்தது.
"மண்டபத்துல எங்களுக்கு ஒரு அட்டை குடுத்தாங்க.
அதுல என் வயசு தப்பு, அப்பா பேரு தப்பு.
இன்னிக்கும் பென்ஷன் அந்தத் தப்புலதான் வருது.
இதுக்கு அதுகூட யாரும் குடுக்கலையா?"

நான் பித்தானை அழுத்தினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
குனிந்து பின்னால் பார்த்த கவுஸ் பாய் சொன்னார்:
"ஒயரே இல்லம்மா."

எங்கிருந்து வந்தது என்று தெரியாத தொகைக்கு
எங்கள் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு.
அனாமத்து.
திருட்டு என்றும் எழுதமாட்டோம், சொந்தம் என்றும் எழுதமாட்டோம்.
விளக்கம் வரும்வரை அங்கேயே இருக்கும்.
பதினான்கு வருடத்தை அதில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

போன ஞாயிறு மலை ஏறினோம்.
பதினோராவது வளைவில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது.
பைக்கை ஓரங்கட்டி ஓடி வந்த பையன்கள்
செல்போனைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள்.
"எந்த ஊரு வண்டி ஆன்ட்டி இது?"

தண்ணீர் பாட்டிலோடு பானெட் அருகே நின்ற சிவபாக்கியம்
திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:
"கை வைக்காதீங்கப்பா. சுடும்."