சக்கரப் பலகை

அருங்காட்சியகப் பெட்டிக்குள் பலகை, நூறு குழி.
அச்சு அசலாய் வார்த்த சக்கரக் காசுகள்,
சாளைச் செதிலளவு.
அள்ளிப் போட்டு ஆட்டினால் குழிக்கொன்றாய் உட்காரும்.
எண்ண வேண்டாம், பார்த்தால் போதும்.

மேக்காமண்டபம். எட்டாம் வகுப்பு. வெளியே மழை.
"தலைவரி கட்டுங்க" என்றேன்.
ஜெறின் ஆட்டினான், லிஜி ஆட்டினாள்,
ஒரு குழி மட்டும் காலி.
பைக்குள், குடைக்குள், டிபன்பாக்ஸில் தேடியாயிற்று.

"கொறஞ்சா ஆரு மிஸ் குடுக்கணும்?"
பாடப்புத்தகத்தில்
அதற்குப் பதில் இல்லை.
பெஞ்சுக்கடியில் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பெல் அடித்தபின்
ஷைபு மட்டும் போகவில்லை.
விரித்த உள்ளங்கையில்
காசு, வியர்வை,
அழுத்திப் பிடித்ததில் பதிந்த சங்கு.
"சும்மா மிஸ்.
ஒண்ணு கொறஞ்சா
நீங்க ஆர அடிப்பியன்னு பாத்தேன்."