ஐந்து புள்ளி நான்கு

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்.
"மதிப்பெண் குறைவுக்குக் காரணம் இருப்பின்
சுருக்கமாக எழுதவும்."
கட்டத்தின் அகலம்
என் சுண்டுவிரல் நீளம்.

ஐந்து புள்ளி நான்கு.
பத்துக்கு.
ஆட்டோ மீட்டர் சொல்லும் எண்ணை
இந்த ஊரில் யாரும் நம்புவதில்லை.
மார்க் ஷீட் சொன்னால்
உடனே நம்பிவிடுகிறார்கள்.

மழையை எழுதலாம்.
இரண்டாம் வருடம் டிசம்பர்,
வியாசர்பாடி வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.
பயோகெமிஸ்ட்ரி நோட்டு ஊறி
பக்கம் பக்கமாய் நீல மை கரைந்தது.
உண்மைதான்.
ஆனால் எதிர்வீட்டு ஜெரால்டுக்கும்
அதே தண்ணீர்.
அவன் எட்டு புள்ளி ஒன்று.

"அப்பாவுக்கு உடம்பு முடியலன்னு போடுடி"
என்றாள் ஷர்மிளி.
அப்பா காசிமேட்டில்
ஐஸ் பாரை ஒற்றைத் தோளில் தூக்குகிறார்.
காய்ச்சலுக்குக்கூட மாத்திரை போடாத மனுஷன்.
ஒரு கட்டத்தை நிரப்ப
அவரை நோயாளியாக்க மனசு வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான்:
புரியவில்லை.
வகுப்பு ஆங்கிலத்தில் ஓடியது,
நான் பின்னாலேயே ஓடினேன்,
மூச்சு வாங்கி நின்ற இடத்தில்
பரீட்சை வந்துவிட்டது.
கை தூக்கிக் கேட்கக் கூச்சம்.
ஏழு அரியர்.
ஒவ்வொன்றும் அம்மாவின் ஏலச்சீட்டில்
ஒரு தவணை.

இப்போது பெரம்பூர் நர்சிங் ஹோமில்
ராத்திரி ஷிஃப்ட், ஈசிஜி.
படத்தில் கடைசிவரை பிடிபடாத
நாலாவது விலா இடுக்கு
கரண்ட் போனாலும் என் விரலுக்குத் தெரியும்.

ஒருநாள் ஒருவர் வந்தார்.
வாயுத் தொல்லைதான், சோடா குடித்தால் போதும்,
மனைவிதான் பயப்படுகிறாள் என்று சிரித்தார்.
காகிதத்தில் கோடு
இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல்
மேலேயே நின்றது.
எடுப்பதுதான் என் வேலை, படிப்பதில்லை.
ஆனாலும் ஓடினேன்,
டியூட்டி டாக்டர் அறைக்கு
இருபத்தாறு படி.

ஸ்டான்லிக்கு அனுப்பினோம்.
பிழைத்தாரா, தெரியாது.
ஆம்புலன்ஸ் கதவு மூடியதோடு
என் பங்கு முடிந்தது.
மறுநாள் மத்தியானம் தூங்காமல்
பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு
விண்ணப்பம் வாங்கினேன்.
கதவுக்கு அந்தப் பக்கம்
என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.
அதற்குக் கட்டம் எதுவும் இல்லை.

போரூர் தாண்டி, நேர்முகம்.
மேஜைக்கு அப்பால் மூன்று பேர்.
"மூணாவது செமஸ்டர்ல என்ன ஆச்சு?"
"புரியல மேடம்."
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"இப்ப புரியுதா?"
"பாதி."
ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார்.
அந்த அம்மா ஏதோ கிறுக்கினார்.
தலைகீழாய்ப் பார்த்ததில்
அது டிக்கா, அடித்ததா,
அம்பத்தூர் வரும்வரை
யோசித்தும் விளங்கவில்லை.

காத்திருப்புப் பட்டியலில் ஒன்பது.
யாருக்கோ பல் மருத்துவம் கிடைத்து, எட்டு.
யாரோ கோயம்புத்தூர் போய், ஐந்து.
யாருக்கோ கல்யாணம்.
முகம் தெரியாதவர்கள் விலக விலக
நான் வரிசையில் நகர்ந்தேன்,
ரேஷன் கடையில்
முன்னால் நிற்பவர் பை மறந்து
வீட்டுக்குத் திரும்புவதுபோல.

போன் அடித்தபோது
கையெல்லாம் ஜெல்.
படுக்கையில் அகரம் மார்க்கெட் பூக்கடை அம்மாள்,
விரல் நுனியெல்லாம் மஞ்சள்,
கனகாம்பர வாசனை இல்லாவிட்டாலும்
நாரின் ஈர வாசனை.
"அசையாதீங்கம்மா, பேசாதீங்க."
பாக்கெட்டில் போன் துடித்தது,
காகிதத்தில் அவர்.
போன் நின்றது. மறுபடி துடித்தது.
நான் பன்னிரண்டாவது கோடு
முடியட்டும் என்று நின்றேன்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார்.
"டாக்டர் சொல்வாரும்மா."
பஞ்சால் அவர் நெஞ்சைத் துடைத்துவிட்டு
என் கையைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்
முதல் தவணை கட்ட வேண்டுமாம்.
அம்மாவைக் கூப்பிட்டேன்.
சேர்ந்தாயா என்று அவள் கேட்கவில்லை.
"இந்த மாசச் சீட்டைத்
தள்ளி எடுத்துடலாம்" என்றாள்.