இரண்டு படி இறக்கம்

எங்கள் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால்
தெருவிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும்.
கட்டியபோது மூன்று படி ஏறுவார்களாம்.
பத்திரத்தோடு தைத்த வரைபடத்தில்
அந்த மூன்று கோடுகளும் இன்னும் இருக்கின்றன.

வீடு புதையவில்லை.
தெருதான் எழுந்துகொண்டே போனது.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
நாற்பத்தொரு வீடு உள்ள சந்து.
ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தின மாதம்
தார் டின் வரும், ரோலர் வரும்,
பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு,
தோசைமேல் தோசை.
ரிப்பன் வெட்டியவர்கள் ஒருவரும்
எங்கள் வாசலைக் குனிந்து பார்த்ததில்லை.

மழைக்கு முதல் விருந்து எங்கள் வீட்டில்தான்.
கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைத்தோம்,
பிறகு செங்கல்லுக்குக் கீழே செங்கல்.
ஒரு டிசம்பரில் மூன்று நாள்
காலி சிலிண்டர் ஹாலில் மிதந்து
சுவர் சுவராய் முட்டிக்கொண்டிருந்தது,
வழி தப்பிய மாடு மாதிரி.

பெனாசிர்தான் மனு எழுதினாள்.
எதிர்வீடு. துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு.
அளக்காமல் எதையும் பேசமாட்டாள்.
"தண்ணி நிக்குதுன்னு எழுதினா நூத்தியோராவது மனு.
எத்தினி இஞ்சுன்னு எழுதினா அதான் மொதோ மனு."
தையல் டேப்பை இழுத்துப் பிடித்து
வாசல் வாசலாக அளந்தோம்.
எங்களுடையது பதினாலு.
டெய்சி வீடு பதினாறு, தேசப்பன் வீடு பதினொன்றரை.
மாவு மில் மட்டும் சைபர்.
போன வருஷம்தான் இடித்துக் கட்டினார் அவர்.

மண்டல அலுவலகத்துக்கு ஆறு நடை.
ஒருமுறை சர்வர் இல்லை.
ஒருமுறை சார் இல்லை.
ஒருமுறை, தங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று
போனுக்குச் செய்தி வந்தது.
அதை முழங்கால் தண்ணீரில் நின்று படித்தேன்.
ஏழாவது நடையில், மாற்றலாகி வந்த
உதவிப் பொறியாளர் ஹேமாவதி
எங்கள் பட்டியலை விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார்.
"இதை யார் அளந்தது?"
பெனாசிர் கை தூக்கினாள்,
ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி.

மாசி மாதம், ராத்திரி பதினோரு மணி.
சுரண்டும் மெஷின் வந்தது, பின்னாலேயே ஜேசிபி.
இரண்டு ராத்திரி சந்தே தூங்கவில்லை.
யாரும் திட்டவும் இல்லை.
தேசப்பன் பால் தீர்ந்துபோய்க் கறுப்பு டீ போட்டு
டிரைவருக்கும் எங்களுக்கும் ஊற்றினார்.
வெட்டிய விளிம்பில் டார்ச் அடித்தோம்:
அடுக்கடுக்காய் ரோடுகள்.
மேலே கறுப்பு, கீழே சாம்பல்,
நடுவில் ஒன்று நகக்கனம்கூட இல்லை.
"இது எந்தக் கவுன்சிலர் போட்டது?"
"கனத்தப் பாத்தாத் தெரியல?" என்றாள் டெய்சி.
ஓர் அடுக்கில் சோடா மூடி,
இன்னொன்றில் அறுந்த செருப்பு வார்,
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒருவருக்கும் அடையாளம் தெரியாத ஜல்லி.

விடிந்தபோது என் வாசலுக்கு வெளியே
ஒரு படி முளைத்திருந்தது.
சிவப்புக் காவி, ஓரம் கொஞ்சம் உடைந்து.
பெனாசிர் டேப்போடு வந்துவிட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று சொல்லமாட்டேன்.
முனை வடிகாலுக்கு மூடி இன்னும் வரவில்லை,
முருங்கைக் கிளை ஒன்றை நட்டு வைத்திருக்கிறோம்.
மாவு மில்காரர் இப்போது மூன்று படி ஏறுகிறார்,
என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.
நேற்று கேபிள் ஆள் ஒருவன்
புது ரோட்டின் குறுக்கே
சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனான்.
கார்த்திகை வரட்டும், பார்க்கலாம்.

ஆனால் ஒன்று.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியிலிருந்து
ஷிப்ட் முடிந்து வரும் ராத்திரிகளில்
என் கால் இன்னும் பழைய கணக்கில் இருக்கிறது.
இல்லாத பள்ளத்தில் இறங்கப் போய்
இருக்கிற படியில் கட்டைவிரல் இடிக்கிறது.
இருட்டில் கொஞ்சநேரம் நின்று
அந்த வலியை முழுசாக வாங்கிக்கொண்டு
ஏறி
உள்ளே போகிறேன்.