மே/பா

இந்த நாட்டில் தபால்காரர் கதவெண்ணை நம்புவதில்லை.
பெட்டியில் ஒட்டிய பெயரைத்தான் நம்புகிறார்.
பெயர் இல்லையா, ஆளும் இல்லை.
உள்ளே நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாலும்
"இப்படி ஒருவர் இங்கில்லை" என்று குறித்து
வந்த வழியே திருப்பிவிடுவார்.

பிப்ரவரியில் பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்தேன்.
புதிய வீட்டின் குளியலறையில் இன்னும் ஓடு பதிக்கவில்லை.
நடுவில் ஐந்து மாதம்
காசல், ரோஸ்டாக், உல்ம்.
ரொட்டிக்கடைகளுக்கு அடுப்பு பொருத்தும் வேலை.
ஒரு சூட்கேஸ், ஒரு கருவிப்பை,
ஒவ்வொரு விடுதியிலும் கழுத்தோடு பகை கொண்ட
ஒரு தலையணை.

தபால் நிலையத்தில் படிவம் நீட்டினார்கள்.
பழைய முகவரி: எழுதினேன்.
புதிய முகவரி:
பேனா நின்றது.

வுப்பர்டாலில் ஹைட்ரூன் வீட்சோரெக்,
ஆற்றின் மேல் தொங்கு ரயில் ஓட்டுகிறவள்,
ஒரு காலத்தில் என் கீழ்வீட்டுக்காரி.
"என் பெட்டியில் இடம் இருக்கிறது" என்றாள்.
"எனக்கு வருவது மருந்துக்கடை விளம்பரம் ஒன்றுதான்."

அவர்கள் 'பை' என்று எழுதுகிறார்கள். இன்னாரிடம்.
நாம் மே/பா. மேற்பார்வை.
அப்படி நான் ஹைட்ரூனின் மேற்பார்வைக்குள் போனேன்,
நாற்பத்தொரு வயதில்.

தன் பெயருக்குக் கீழே ஒரு துண்டு ஒட்டினாள்.
ஆங்கிலத்தில் பதினாறு எழுத்து.
பெட்டி பன்னிரண்டைத்தான் தாங்கியது.
மிச்சம் நான்கும் ஓரத்தில் மடங்கி
பக்கத்து வீட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தன.

அது என் பெயர்கூட இல்லை. அப்பா பெயர்.
பள்ளிக்கூடப் பதிவேட்டில் எனக்கு முன்னால்
ஒற்றை எழுத்தாக, ஒரு புள்ளியோடு,
இடத்தை அடைக்காமல் நின்ற மனிதர்.
பாஸ்போர்ட்டில் அவரை விரித்து எழுதச் சொன்னார்கள்.
விரித்ததும் மாதங்கிக்கு இடமில்லாமல் போயிற்று.
காப்பீட்டு நிறுவனம் எழுதுகிறது:
'மதிப்பிற்குரிய திருமதி திருநாவுக்கரசு,
உங்கள் கர்ப்பப்பைப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது.'
எங்கள் தெருவில் திருமதி திருநாவுக்கரசு என்றால்
அம்மா திரும்பிப் பார்ப்பாள்.

ஞாயிறு இரவுகளில் இஸ்திரிப் பலகை மேல்
உறைகளைப் பரப்பி ஹைட்ரூன் படம் அனுப்புவாள்.
சாம்பல் நிறம் காத்திருக்கலாம்.
சன்னல் வைத்த உறை, பணம் கேட்கிறது.
மஞ்சள் என்றால் உடனே பிரி,
அதில் தபால்காரர் தேதி போட்டிருப்பார்,
நாட்கள் ஓடத் தொடங்கியிருக்கும்.
(மஞ்சள் ஒன்றே ஒன்று வந்தது. காசலில் வேகம்.
அடுப்புக் கதவு குளிரக் காத்திராத அவசரம்.)

வங்கி ரகசிய எண்ணை மட்டும் அவள் பிரிக்க மறுத்தாள்.
உல்ம் விடுதிக்கு அனுப்பினாள். நான் கிளம்பியிருந்தேன்.
விடுதி ரோஸ்டாக்குக்கு அனுப்பியது. அங்கும் கிளம்பியிருந்தேன்.
மே மாதம் அது வுப்பர்டாலுக்கே வந்து சேர்ந்தது,
மூன்று முத்திரையும் ஒரு காப்பிக் கறையுமாக,
என்னைவிடக் களைத்து.

ஒருநாள் தபால்காரர் கேட்டாராம்:
"யார் இந்தத் திருநாவு... கண்ணால் பார்த்ததே இல்லையே?"
"பயணத்தில் இருக்கிறார்" என்றாளாம் ஹைட்ரூன்.
தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.
நான் அடுப்புக்குள் தலையை விட்டிருந்தேன்.
அப்பா போய் ஒன்பது வருடம் என்று
அவளிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா,
ஞாபகமில்லை.

ஜூலையில் ஓடு பதித்து முடித்தார்கள்.
புதிய பெட்டியை முதலில் டேப் வைத்து அளந்தேன்.
பத்தொன்பது எழுத்து கொள்ளும். நல்ல பெட்டி.

"துண்டை உரித்துவிடவா?" என்று கேட்டாள் ஹைட்ரூன்.
"மழையில் பாதி தானாகவே போய்விட்டது,
முன்னால் ஐந்து எழுத்துதான் மிச்சம்."
படம் அனுப்பினாள்.

திரு.

அதற்கும் ஒன்று வந்து கிடந்தது,
மருந்துக்கடை விளம்பரம்.
இருக்கட்டும் விடு என்றேன்.